உஷார்! எடைக்குப் போகிறது உங்கள் கையெழுத்து

வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறீர்களா? போகிக்காகவோ, வீடு மாற்றுவதற்காகவோ, அப்பா காலமான பிறகு அவருடைய பீரோவைக் காலி செய்வதற்காகவோ மூட்டை மூட்டையாகக் காகிதங்களைக் கட்டி வைத்திருக்கிறீர்களா? பழைய பேப்பர்காரரைக் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள். மூட்டை தராசில் ஏறிவிட்டால், பிறகு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

கிலோ பத்துக்கும் பதினைந்துக்கும் நாம் தள்ளிவிடும் அந்த மூட்டையில் செய்தித்தாளும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமும் மட்டுமா இருக்கின்றன? பேங்க் ஸ்டேட்மெண்ட், முடிந்துபோன பாஸ்புக், சம்பளச் சீட்டு, படிவம் 16, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, இன்சூரன்ஸ் கடிதம், கல்யாணத்துக்குப் பார்த்தபோது கைமாறிய ஜாதகமும் பயோடேட்டாவும், பையனின் கல்லூரிச் சேர்க்கைக்கு எடுத்த ஜெராக்ஸ்கள் எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. நாம் ‘பழசு’ என்று ஒதுக்கிய காகிதத்தில் உள்ள பிறந்த தேதி பழசாவதில்லை. ஆதார் எண் மாறுவதில்லை. பான் எண்ணும் கையெழுத்தும் அப்படித்தான்.

நம் ஊரில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் “ரெண்டு செட் ஜெராக்ஸ் கொண்டு வாங்க” என்பார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று நாம் மூன்று செட் எடுப்போம். மிச்சமான செட் பிளாஸ்டிக் கவரோடு அலமாரியின் அடியில் போய்ச் சேரும். வீட்டுக் கடனுக்குத் தயார் செய்த செட் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆதார், பான், ஆறு மாத ஸ்டேட்மெண்ட், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ‘கேன்சல்டு’ என்று குறுக்கே எழுதிய செக், பத்திர நகல், ஒவ்வொரு தாளின் அடியிலும் நீங்களே போட்ட கையெழுத்து. உங்கள் பெயரில் இன்னொருவர் கடன் கேட்கப் போவதென்றால் அவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆதார் வந்த புதிதில் தபாலில் ஒரு நீளமான தாள் வந்தது நினைவிருக்கும். அதன் அடிப்பகுதியைக் கத்தரித்து, லேமினேட் செய்து பர்ஸில் வைத்துக்கொண்டோம். மேல்பாதி என்ன ஆனது? பெரும்பாலான வீடுகளில் அது இன்னும் ஏதோ ஒரு ஃபைலுக்குள் இருக்கிறது, அல்லது எப்போதோ எடைக்குப் போய்விட்டது. கார்டு நம்மிடம்தானே இருக்கிறது என்று அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அந்த மேல்பாதியில்தான் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், முழு முகவரி, அப்போது கொடுத்த மொபைல் எண், பெரிய எழுத்தில் 12 இலக்க ஆதார் எண் ஆகிய எல்லாம் ஒரே இடத்தில் அச்சாகியிருக்கின்றன. வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு மேல்பாதி. தேடி எடுங்கள்.

சென்னையின் புறநகரில் ஒரு பழைய பேப்பர் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். மூட்டை வந்ததும் அதைக் கொட்டிப் பிரிப்பார்கள். செய்தித்தாள் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம், வெள்ளைத் தாள் ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விலை என்பதால் தாள் தாளாகக் கைபடாமல் எதுவும் போகாது. கடைக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக் காட்டினார். உள்ளே ரப்பர் பேண்டு போட்ட ஆதார் கார்டுகள், இரண்டு மூன்று பாஸ்புக், ஒரு பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பாதி எழுதாத செக் புக்.

“தேடிக்கிட்டு வருவாங்கன்னு எடுத்து வச்சிருக்கேன் சார். முக்கால்வாசிப் பேர் வர்றதே இல்ல. வாங்கும்போதே சொல்லுவேன், ‘அக்கா, பேங்க் பேப்பர்லாம் இருக்கு, ஒரு தடவ பாத்துடுங்க’ன்னு. ‘எல்லாம் பழசுதாம்ப்பா, நீ எடை போடு’ன்னுடுவாங்க.”

இவர் நல்ல மனிதர். இந்தத் தொழிலில் இருக்கும் பெரும்பாலோர் இப்படி உழைத்துப் பிழைப்பவர்கள்தான், அவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மூட்டை இவரோடு நின்றுவிடுவதில்லை. இவரிடமிருந்து மொத்த வியாபாரியின் குடோனுக்கு, அங்கிருந்து மில்லுக்கு, பட்டாசுக்குக் குழாய் சுற்றும் இடத்துக்கு, பொட்டலம் மடிப்பவரிடம் என்று எத்தனையோ கை மாறுகிறது. சுண்டல் வாங்கிய காகிதத்தைப் பிரித்தால் யாரோ ஒருவருடைய பேங்க் விண்ணப்பம், பஜ்ஜியில் எண்ணெய் ஒற்றிய தாளில் யாரோ ஒரு பெண்ணின் ரத்தப் பரிசோதனை முடிவு. நம்மில் பலர் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். அந்தப் பெண்ணின் பெயரையும் வயதையும் சேர்த்துத்தான் பார்த்திருக்கிறோம். இத்தனை கைகளில் ஒரே ஒரு கை தவறான கையாக இருந்தால் போதும்.

அப்படி என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். உங்கள் பெயரில் சிம் கார்டு வாங்கி, அதை வைத்து வேறு யாரையோ ஏமாற்றலாம். போலீஸ் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. 2022-ன் தொடக்கத்தில், தாங்கள் கேட்டே இராத கடன் ஒரு மொபைல் செயலி மூலம் தங்கள் பான் எண்ணில் வாங்கப்பட்டிருப்பதை நாடு முழுக்கப் பலர் சிபில் கடன் அறிக்கையைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். பிரபல நடிகை ஒருவரும் அதில் இருந்தார். தமிழ்நாட்டில் கூலி வேலை செய்பவருக்கும் குடும்பத் தலைவிக்கும் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்திகளைத் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். அவர்களுடைய பான், ஆதார் நகலை வைத்து யாரோ ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, போலி பில் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அந்த நகல் எங்கிருந்து போனது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. அதனால்தான் நோட்டீஸ் வந்தவர்கள் நகல் கொடுத்த இடத்தையெல்லாம் நினைத்துப் பார்த்து விழிக்கிறார்கள்.

பத்திர நகல் இன்னும் மோசம். பதிவுத்துறை ஆவணங்களில் இடது பெருவிரல் ரேகை இருக்கும். 2018-ல் தெலங்கானாவில் சிம் கார்டு விற்கும் ஒருவர், இணையத்தில் கிடைத்த நிலப்பதிவு ஆவணங்களிலிருந்து ரேகைகளை எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் முறையில் அச்செடுத்து, ஆயிரக்கணக்கான சிம்களைச் செயல்பட வைத்துப் பிடிபட்டார். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அதே உத்தியை வேறு கும்பல்கள் பணம் எடுக்கவே பயன்படுத்தின. ரேகை வைத்துப் பணம் எடுக்கும் மைக்ரோ ஏடிஎம் எந்திரத்தில் பேங்க் பெயர், ஆதார் எண், விரல் ரேகை மூன்றும் இருந்தால் பணம் வந்துவிடும். ஓடிபி கிடையாது, பின் நம்பர் கிடையாது. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை. பாஸ்புக், ஆதார் நகல், பத்திர நகல் மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிக் கொடுக்கும் வீட்டுக்காரர், அந்த மூன்றையும் தானே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பெயருக்கேற்ப டிஜிட்டல் தரவுக்கானது. காகிதத்தில் இருந்து பின்னால் டிஜிட்டலாக மாற்றப்பட்டதும் அதற்குள் வரும். காகிதமாகவே குடோனில் கிடப்பது வராது.

சரி, எப்படித்தான் ஒழிப்பது?

முதலில் பிரியுங்கள். இதுதான் பெரிய வேலை, ஆனால் இதைச் செய்துவிட்டால் மலை குன்றாகிவிடும். இரண்டு சாக்கு காகிதத்தில் உண்மையிலேயே ஆபத்தானது ஒரு கட்டைப்பை அளவுதான் தேறும். பாலிசியோடு வந்த விதிமுறைப் புத்தகம், பேங்க் அனுப்பிய விளம்பரம், பிள்ளையின் கணக்கு நோட்டு எல்லாம் தாராளமாக எடைக்குப் போகலாம். எண், கையெழுத்து, ரேகை, போட்டோ, பிறந்த தேதி, நோய் விவரம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் தாளைத் தனியே எடுங்கள். கூரியர் கவர் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டும் மாத்திரைச் சீட்டும் இதில் சேரும். எக்ஸ்ரே ஃபிலிமை வாங்கிக்கொள்ளத் தனி வியாபாரிகள் இருக்கிறார்கள். கொடுக்கும் முன் ஓரத்தில் உள்ள பெயரை வெட்டிவிடுங்கள்.

பிரிக்கும்போது இன்னொரு உஷார். அவசரத்தில் எறியக் கூடாததை எறிந்துவிடாதீர்கள். மூலப் பத்திரம், கிரயப் பத்திரம், பழைய பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டுக் கடன் அடைத்ததும் பேங்க் கொடுத்த கடிதம், பென்ஷன் உத்தரவு, டிசி, சாதிச் சான்றிதழ், பிறப்பு இறப்புச் சான்றிதழ்கள் எவ்வளவு கிழிந்திருந்தாலும் வைத்திருக்க வேண்டும். மூலப் பத்திரம் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, செய்தித்தாளில் விளம்பரம் போட்டு, ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற சான்றிதழுக்கு அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களின் பெட்டியில் காகித வடிவிலான பழைய ஷேர் சர்டிஃபிகேட், மறந்துபோன டெபாசிட் ரசீது கிடைப்பதும் உண்டு. அவற்றுக்கு இன்றும் மதிப்பு இருக்கலாம். 10 ஆண்டு யாரும் தொடாத பேங்க் டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போயிருந்தாலும் வாரிசு கேட்டு வாங்கலாம். அதைத் தேடுவதற்கென்றே ரிசர்வ் வங்கி 2023-ல் ‘உத்கம்’ என்ற தளத்தைத் திறந்தது. வருமான வரிக் காகிதங்களை எட்டு வருஷம் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். சொத்து வாங்கியதற்கான செலவு ரசீதுகளை அந்தச் சொத்து கையில் இருக்கும் வரைக்கும், விற்ற பிறகும் சில வருஷங்களுக்கும் வைத்திருங்கள்.

இனி அழிப்பது. இரண்டாகவும் நாலாகவும் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போடுவது அழிப்பது ஆகாது. 1989-ல் கிழக்கு ஜெர்மனியின் உளவுப் பிரிவான ஸ்டாஸி, ஆட்சி கவிழ்ந்த நேரத்தில் தன் கோப்புகளைக் கையாலேயே கிழித்துப் போட்டது. சுமார் 16,000 சாக்குகளில் கிடைத்த துண்டுகளை உட்கார்ந்து ஒட்டி, நூற்றுக்கணக்கான சாக்குகளைப் படிக்கும்படி செய்துவிட்டார்கள். 1979-ல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தின் ஊழியர்கள் ரகசியக் கோப்புகளை எந்திரத்தில் நாடா நாடாவாக வெட்டினார்கள். தூதரகத்தைப் பிடித்த மாணவர்கள் அந்த நாடாக்களை அடுக்கி ஒட்டி, புத்தகம் புத்தகமாக அச்சிட்டு வெளியிட்டார்கள். நம் பேங்க் பேப்பரை அவ்வளவு பாடுபட்டு யாரும் ஒட்டமாட்டார்கள்தான். ஆனால் நாலாகக் கிழித்த தாளில் ஆதார் எண் முழுசாக ஒரே துண்டில் இருந்தால் ஒட்டவே தேவையில்லை.

ஆகவே ஷ்ரெடர் வாங்குவதென்றால் நீள நாடாவாக வெட்டுவதை வாங்காதீர்கள். குறுக்கும் நெடுக்கும் பொடியாக வெட்டும் ‘கிராஸ் கட்’ எந்திரமாகக் கேளுங்கள். அளவைக் குறிக்க ‘பி’ வரிசை எண் இருக்கும், பி-4 வீட்டுக்குப் போதும். வீட்டு எந்திரம் ஒரு தடவைக்குச் சில தாள்கள்தான் விழுங்கும், சில நிமிடம் ஓடியதும் சூடாகி நின்றுவிடும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று உட்காராதீர்கள். தினம் இரவு கொஞ்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எரிக்கலாமே என்பார்கள். வேண்டாம். கட்டாகப் போட்ட காகிதத்தின் ஓரம் கருகும், நடுவில் உள்ள தாள்கள் வெள்ளையாகவே மிஞ்சும். கிளறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்றில் பறக்கும் பாதி எரிந்த தாள் பக்கத்து வீட்டு மாடியில் போய் விழும். தெருவிலும் பொது இடத்திலும் குப்பையை எரிக்கத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடை போட்டிருக்கின்றன. போகிப் புகையால் காலையில் விமானம் தாமதமாகும் ஊர் நம்முடையது. பழையதைக் கொளுத்தாதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷாவருஷம் கெஞ்சுகிறது.

காசில்லாமல், புகையில்லாமல், முழுசாக அழிக்க நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது. காகிதக் கூழ். பின்னையும் கிளிப்பையும் எடுத்துவிட்டு, தாளைக் கையளவு துண்டுகளாகக் கிழித்து, ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மூழ்கத் தண்ணீர் ஊற்றுங்கள். வெந்நீராக இருந்தால் சீக்கிரம் ஊறும். ஒரு பிடி சோப்புத் தூள் போடலாம். ஒரு நாள் ஊறட்டும். ஊறியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பால்பாயிண்ட் மை ஓரளவு கலையும், லேசர் பிரிண்ட் எழுத்து தண்ணீரில் கரையவே கரையாது. மறுநாள் வெளியே எடுத்தால் உங்கள் கணக்கு எண் அப்படியே பளிச்சென்று இருக்கும். அதனால் ஒரு கட்டையை எடுத்து மாவு போல ஆகும்வரை கடைய வேண்டும். தாளின் நார் பிரிந்து, எழுத்து எழுத்தாகச் சிதறி, வெளிர் சாம்பல் நிறத்தில் களி வந்ததும் கையில் எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஓர் எழுத்துகூடப் படிக்க வரக் கூடாது. அந்தக் காலத்தில் இதே கூழோடு ஊறவைத்த வெந்தயத்தைச் சேர்த்து ஆட்டுரலில் அரைத்து, குடத்தின் மேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்வார்கள். முறத்துக்கும் பூசுவார்கள். பொறுமை இருந்தால் நீங்களும் செய்து பாருங்கள். இல்லாவிட்டால் உருண்டையாகப் பிழிந்து காயவைத்துக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள். கடை பில், ஏடிஎம் சீட்டு போன்ற வழவழப்பான ரசீதுகளை மட்டும் இந்தக் கூழில் சேர்க்காதீர்கள். அவற்றில் ரசாயனப் பூச்சு உண்டு. அவற்றைப் பொடியாக வெட்டிப் போடுங்கள்.

பாஸ்புக்குக்கு முதல் பக்கம்தான் உயிர். போட்டோவும் கணக்கு எண்ணும் கையெழுத்தும் அதில் இருக்கும். தைத்த இடத்தில் பிரித்து அந்தத் தாளைத் தனியாகக் கவனியுங்கள். எழுதாத செக் தாள்களைக் கூழில் போடும் முன் கையெழுத்து இடத்தையும் அடியில் உள்ள எண் வரிசையையும் கத்தரியால் துண்டு துண்டாக்குங்கள். கணக்கை மூடும்போதே மிச்சத் தாள்களைப் பேங்கில் ஒப்படைத்துவிடுவது இன்னும் நல்லது. லேமினேட் செய்தது ஊறாது, கத்தரிதான் வழி.

ஆடிட்டர் அலுவலகம், கிளினிக், பள்ளிக்கூடம், அடுக்குமாடிச் சங்கம் போன்ற இடங்களில் அடுத்தவர்களின் காகிதம் அறை நிறையக் கிடக்கும். அதற்கு டிரம் போதாது. வாசலுக்கே வண்டி கொண்டு வந்து, உங்கள் கண் முன்னால் பொடியாக்கி, அழித்ததற்குச் சான்றிதழும் கொடுக்கும் நிறுவனங்கள் பெரிய நகரங்களில் இருக்கின்றன. செலவு ஆகும். “எங்க குடோன்ல போய் பண்ணிடுறோம் சார்” என்றால் சம்மதிக்காதீர்கள். கடைசித் தாள் உள்ளே போகும்வரை ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். நோயாளியும் மாணவரும் நம்மை நம்பிக் கொடுத்த காகிதம் அது. அதை எடைக்குப் போடும் உரிமை நமக்கு இல்லை.

ஜெராக்ஸ் கடையையும் சொல்லியாக வேண்டும். சாய்ந்து விழுந்த நகல், மங்கலாக வந்த நகல் எல்லாம் எந்திரத்துக்குக் கீழே உள்ள அட்டைப்பெட்டியில் விழும். பெட்டி நிறைந்ததும் அதுவும் எடைக்குத்தான் போகும். “அண்ணே, அந்த வேஸ்ட்டையும் குடுங்க” என்று கேட்டு வாங்குங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிரிண்ட் எடுத்திருந்தால் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஃபைலை அழிக்கச் சொல்லி, நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இனிமேல் சேராமல் இருக்கவும் வழி உண்டு. முதல் எட்டு இலக்கத்தை மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், பல இடங்களுக்கு அது போதும். 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், முழு ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது. பீதி கிளம்பியதும் இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். எச்சரிக்கை சரியானது என்பதே என் கருத்து. முழு நகல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் இடத்தில், எண்ணை மறைக்காமல் தாளின் குறுக்கே ‘இன்ன வேலைக்காக மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

மூட்டை ஏற்கெனவே போய்விட்டதா? பதற வேண்டாம், ஆனால் இன்றைக்கே உட்காருங்கள். ஆதார் செயலியிலோ தளத்திலோ பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். உங்கள் ரேகையை வைத்து யாரும் பணம் எடுக்க முடியாது, உங்களுக்குத் தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். அதே தளத்தில் கடந்த ஆறு மாதத்தில் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும். ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். உங்களுடையது அல்லாததை அங்கேயே குறித்து அனுப்பலாம். சிபில் போன்ற நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மூன்று மாதத்துக்கு ஒன்றாகக் கேட்டு வாங்கினால் வருஷம் முழுக்கக் கண்காணிக்கலாம். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால், உங்கள் பெயரில் கம்பெனி ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை. பணம் போனதாகத் தெரிந்தால் பேங்க் திறக்கட்டும் என்று விடியும்வரை காத்திருக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள்.